பதினேழுக்குப் பிறகு ஒரு புள்ளி

மதியம் மூன்றரைக்குப் போன்,
வடபாதிமங்கலம் கொள்முதல் நிலையத்திலிருந்து.
பட்டியல் எழுத்தர் இளவழகன்:
"உங்க லைப்ரரிதான் மேடம்.
ஈரப்பதம் நூத்தி எழுபத்து நாலு சதவீதம்னு காட்டுது."

நூறு கிலோ நெல்லில்
நூற்று எழுபத்து நான்கு கிலோ தண்ணீர்.
மேட்டூரைத் திறந்துவிட்டாலும்
எங்கள் கடைமடைக்கு அவ்வளவு வந்ததில்லை.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
தையல்நாயகியின் நூற்று இருபது மூட்டை நெல்
தார்ப்பாய்க்குள் அம்பாரமாய்க் கிடக்கிறது.
கணினி வேண்டாம் என்றுவிட்டது.
கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது.

கூத்தாநல்லூரில் ஒரு மாடி அறையில் என் வேலை.
லைப்ரரி எழுதுகிறேன் என்றால்
நகராட்சி நூலகத்திலா என்று கேட்பார்கள்.
புத்தகம் இல்லாத லைப்ரரி அது.
எந்தக் கணினியிலும் ஓடும் என்று
முதல் வரியிலேயே பெருமை அடித்திருக்கிறேன்.

சோதனைகள் எல்லாம் பச்சை.
என் லினக்ஸில் பதினேழு புள்ளி நான்கு.
சர்வரில் பதினேழு புள்ளி நான்கு.
ஈரமானியோடு பேசும் ஆண்ட்ராய்டு போனிலும் அதுவே.
அவர் மடிக்கணினியில் மட்டும்
புள்ளியைக் காணோம்.

"அந்த லேப்டாப் எங்க வாங்கினது?"
"மச்சான் ஹாம்பர்க்லேருந்து வந்தப்ப குடுத்தது."

அந்த ஊரில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி,
பின்னத்தைப் பிரிப்பது காற்புள்ளி.
விசைப்பலகையைத் தமிழாக்கிவிட்டார்.
கடிகாரத்தை நம் நேரத்துக்குத் திருப்பிவிட்டார்.
எண் மட்டும் இன்னும் அங்கேயே குடியிருக்கிறது.
வந்த புள்ளியைப் பார்த்து
ஆயிரத்துக்கு வைத்த அலங்காரம் என்று நினைத்து
வழித்துப் போட்டுவிட்டு
மிச்சத்தை ஒட்டி வாசித்திருக்கிறது: 174.

அதன்மேல் குற்றமில்லை.
'எண்ணாக மாற்று' என்று எழுதிய நான்
எந்த ஊர் வழக்கில் என்று எழுதவில்லை.
எழுதாமல் விட்ட இடத்தில்
ஓடுகிற கணினியின் ஊர் வந்து உட்கார்ந்துகொள்ளும்,
துண்டு போடாத பஸ் சீட்டில் போல.

வெண்ணாற்றுப் பாலத்தில்
ஆறு மணி பஸ் ஹாரன் அடிப்பதற்குள்
பதினோரு இடத்தில் திருத்தினேன்.
கருவி கருவிக்குச் சொல்லும் எண்ணுக்கு
ஊர் கிடையாது.
மனிதர் கண்ணுக்குப் போகும் எண்ணுக்கு
அவரவர் ஊர் கட்டாயம்.
ரசீதில் 120,000 என்று இருந்தது;
இந்தப் பக்கம் லட்சத்துக்குத் தனி இருக்கை உண்டு.
தேதியில் மாதத்தைப் பெயராலேயே எழுத வைத்தேன்.
02/03 என்ற டோக்கனை நம்பிப் போன வருஷம் ஒருவர்
ஒரு மாதம் முன்னதாகவே
டிராக்டரோடு வந்து நின்றார்.

ஆறு பத்துக்கு மறுபடி போன்.
"வந்துடுச்சு மேடம். பதினேழு புள்ளி நாலு."
பின்னால் ஒரு பெண்குரல்:
"சரியாயிட்டுதா?"
"சரியாயிட்டுதும்மா.
ஆனா பதினேழு வரைக்கும்தான் எடுக்கலாம்.
புள்ளி நாலு கூட இருக்கு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
தார்ப்பாய் படபடப்பது மட்டும் கேட்டது.

"தப்பாக் காட்டினாலும் எடுக்க மாட்டீங்க,
சரியாக் காட்டினாலும் எடுக்க மாட்டீங்க,"
என்றார் தையல்நாயகி.
இதைவிடச் சுருக்கமான பிழை அறிக்கை
எனக்கு வந்ததில்லை.
எந்தக் கோப்பில் அதைத் திருத்துவது
என்றும் தெரியவில்லை.

அன்றிரவு மழை தூறலோடு போய்விட்டது.
மறுநாள் முழுக்க வெயில்,
தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல்,
பைக்குகள் மீதிப் பாதியில்.

மாலை இளவழகன் ரசீதைப் படம் பிடித்து அனுப்பினார்.
ஈரப்பதம் 16.8.
தொகை 1,20,000.
காற்புள்ளி இரண்டும் அதனதன் இடத்தில்.

பெயர்: தையல்நாயகி தையல்நாயகி.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தை
வெறுமையாக விட முடியவில்லையாம்.
விடாதபடி எழுதியது
நான்தான்.

மூடிய மடிக்கணினியை
மறுபடி திறந்தேன்.